மூச்சுக்குழலில் குழாய் செலுத்தும் இன்டியூபேஷன் கைவிட்ட பிறகு: கழுத்தைத் திறக்க யார், எப்போது துணிவது?

ஆற்றங்கரை மயக்கவியலர் (இழையைத் தொடங்கியவர்)

தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு தாலுகா ஊரில் பதினோரு ஆண்டுகளாக மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். ஊரையும் மருத்துவமனையையும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியது என் கையைப் பற்றித்தான்.

சென்ற ஐப்பசியில், அடைமழை பெய்த ஓர் இரவில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சொத்தையில் தொடங்கிய சீழ் தாடைக்கு அடியெங்கும் பரவிக் கழுத்து பலகைபோல் இறுகியிருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லை. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தை முட்டியது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே எச்சிலைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். லுட்விக் ஆஞ்சைனா என்பதில் ஐயமே இல்லை. விழித்த நிலையில் குழாய் செலுத்துவதற்கான ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் எங்களிடம் கிடையாது. காலைக்குள் சீழை வடிக்காவிட்டால் அது நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று அஞ்சி, அவரை மயக்கத்தில் ஆழ்த்தினேன்.

குரல்வளையைப் பார்த்துக் குழாய் செலுத்த உதவும் லாரிஞ்சோஸ்கோப்பில், வீடியோ வகையில் இரண்டு முறை, சாதாரண பிளேடில் இரண்டு முறை, குரல்வளைக்கு மேல் அமரும் ஐ-ஜெல் ஒரு முறை முயன்றேன். இடையிடையே மாஸ்க்கை அழுத்திப் பிடித்தேன். எதிலும் நெஞ்சு உயரவில்லை. சேச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவின் விழுக்காடு) 60-க்குக் கீழே போனபோது, நரம்பில் மருந்தேற்றும் ஊசிக்குழலான 14-ஆம் எண் வென்ஃப்ளானைக் கழுத்தில் குத்தினேன். காற்று வந்தது, ஊசியை உருவியதும் பிளாஸ்டிக் குழல் மடிந்துவிட்டது. பக்கத்துத் தியேட்டரில் குடல்வால் அறுவையை முடித்திருந்த சர்ஜன் ஓடி வந்து கழுத்தைத் திறந்தார். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இதயம் நின்று, மீண்டது. நோயாளி பன்னிரண்டாம் நாள் நடந்து வீடு சென்றார்.

இரண்டு கேள்விகள். எங்களைப் போன்ற இடங்களில் ஊசியை வைத்திருப்பதா, கத்தியை வைத்திருப்பதா என்பது ஒன்று. மற்றொன்றைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது: கத்தி என் கைக்கு மூன்றடி தூரத்தில் இருந்தும், அதை நான் ஏன் எடுக்கவில்லை?

நான்குவழிச்சாலை எமர்ஜென்சி

முதல் கேள்விக்கு என் விடை தெளிவானது: கத்தி. நெடுஞ்சாலை ஓரத்து அவசரப் பிரிவில் இருப்பவன் என்பதால், தாடையும் மூக்கும் நொறுங்கி, வாய் நிறைய இரத்தத்துடன் வரும் இருசக்கர வாகன ஓட்டிகளை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களிடம் கற்றதோடு, ஏட்டில் உள்ளதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிரிட்டனில் நடத்தப்பட்ட நான்காவது தேசியத் தணிக்கையின் அறிக்கை 2011-இல் வெளிவந்தது. மூச்சுப்பாதைச் சிக்கல்களை நாடு முழுவதும் ஓராண்டு திரட்டிப் பார்த்ததில், மெல்லிய குழலைக் கழுத்தில் குத்தும் முறை ஏறத்தாழ 60 விழுக்காடு தோற்றிருந்தது. கத்தியால் திறந்தவை அநேகமாக எல்லாமே வென்றிருந்தன. தங்களுக்கு நேர்ந்தது போலவே குழல் மடிவது, இடம் நழுவுவது, தோலடியில் காற்று பரவுவது ஆகியவை அந்தத் தோல்விகளின் பின்னணி. இன்னொரு தடை, வென்ஃப்ளான் சரியாகவே அமர்ந்தாலும் இருக்கிறது. அவ்வளவு சிறிய துளை வழியாக கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் ஆம்பு பையின் அழுத்தத்தில் போதிய காற்று உள்ளே போகாது. உயர் அழுத்த ஜெட் கருவி வேண்டும். அது இருந்தாலும், மேலே பாதை அடைபட்டிருந்தால் உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் நுரையீரல் கிழியக்கூடும். கஃப் (காற்றடைத்து உப்பச் செய்யும் பட்டை) உள்ள குழாயை நுழைத்துவிட்டால் சாதாரணப் பையே போதும்.

2015-இல் பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி சொன்ன முறைக்கு மூன்றே பொருள்கள்தான் தேவை: 10-ஆம் எண் பிளேடு பூட்டிய கத்தி, பூஜி (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய, வளையக்கூடிய கம்பி), 6 மி.மீ. கஃப் குழாய். கழுத்தை நன்றாக நிமிர்த்துங்கள். வலக்கைக்காரர் நோயாளியின் இடப்பக்கம் நின்று, இடக்கையால் குரல்வளையை இருபுறமும் பிடித்து அசைத்துப் பார்த்து, கேடயக் குருத்தெலும்புக்கும் அதன் கீழுள்ள வளையக் குருத்தெலும்புக்கும் இடையிலான பள்ளத்தை ஆட்காட்டி விரலால் உணர வேண்டும். அந்தச் சவ்வின் வழியே, வெட்டும் விளிம்பு தம்மை நோக்கி இருக்கும்படி, குறுக்காக ஒரே குத்து. கத்தியை வெளியே எடுக்காமல், கூர் விளிம்பு நோயாளியின் கால்பக்கம் திரும்பும்படி அதை 90 பாகை சுழற்றி, மெல்லத் தம் பக்கம் இழுத்துப் பிடித்தால் ஒரு முக்கோணத் துளை கிடைக்கும். கத்தியின் முகத்தை ஒட்டியே பூஜியின் வளைந்த நுனியை உள்ளே தள்ளி, 10 முதல் 15 செ.மீ. வரை அனுப்பிய பின் கத்தியை எடுத்துவிடலாம். பூஜியின் மேல் குழாயைச் சுழற்றி இறக்கி, கஃப் கண்ணிலிருந்து மறைந்ததும் நிறுத்துங்கள். மேலும் தள்ளினால் ஒரு பக்க நுரையீரலுக்குப் போய்விடும். வெளிமூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் கேப்னோகிராஃபில் அலை வரும்வரை வேலை முடியவில்லை.

கைப்பழக்கம் உள்ளவருக்கு இது ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் வேலை. இவ்வளவு நேரமும் மேலேயிருந்து ஒருவர் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நோயாளியின் தசைகள் முழுமையாகத் தளர்ந்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் பலர் மறந்துவிடுகிறோம்.

பொருநை காது மூக்கு தொண்டை

நண்பர் எமர்ஜென்சி எழுதியதில் பிழையில்லை. ஆனால் இழை தொடங்கிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். இந்த நோயாளியைப் பொறுத்தவரை ஊசியா கத்தியா என்ற கேள்வியே எழுந்திருக்கக் கூடாது. உட்கார்ந்து எச்சில் துப்பும் லுட்விக் நோயாளிக்கு, ஃபைபர் ஆப்டிக் இல்லாத இடத்தில், மரப்பு ஊசி போட்டு, விழித்த நிலையிலேயே, அவர் தாமே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது டிரக்கியாஸ்டமி (குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலைத் திறத்தல்) செய்வதே முறை. அவர் தம் மூச்சைத் தாமே காத்துக்கொண்டிருந்தார். அதை நாம் நிறுத்திவிட்டோம். கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

நண்பர் விவரித்த, சவ்வின் வழியே திறக்கும் கிரைகோதைராய்டாட்டமி பற்றியும் எங்கள் துறையின் பழைய தயக்கத்தைச் சொல்லியாக வேண்டும். 1921-இல் அமெரிக்கத் தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன், உயரமான இடத்தில் திறப்பது குரல்வளைக்குக் கீழே நிரந்தரச் சுருக்கத்தை உண்டாக்குகிறது என்று எழுதினார். அந்த எச்சரிக்கை அரை நூற்றாண்டு எங்கள் கையைக் கட்டிப்போட்டது. 1976-இல் பிராண்டிகன், குரோ இருவரும் 655 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டு, அந்த அச்சம் மிகைப்பட்டது என்று காட்டினார்கள். ஆயினும் ஏற்கெனவே வீங்கிய, அழற்சியுற்ற குரல்வளையில் சுருக்கம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதே என் கருத்து. நேரம் இருந்தால் டிரக்கியாஸ்டமிதான் செய்வேன்.

ஆற்றங்கரை மயக்கவியலர்

கடுமை ஒன்றும் இல்லை, ஐயா. நானே எனக்கு அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விழித்த நிலை டிரக்கியாஸ்டமியைப் பற்றி அன்றிரவும் நினைத்தேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் பாளையங்கோட்டையில் இருந்தார். மழையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். உள்ளூர் சர்ஜனை முன்கூட்டியே என் பக்கத்தில் கையுறையோடு நிற்கச் சொல்லியிருக்கலாம். கழுத்தில் பேனாவால் குறி இட்டு வைத்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. ‘நாம் சமாளித்துவிடுவோம்’ என்ற எண்ணம்தான்.

தாங்கள் சொன்ன ‘நேரம் இருந்தால்’ என்ற சொற்களில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. முதல் முயற்சி தோற்ற பிறகு எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்பதை நான் அளக்கவே இல்லை.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

தம்பி, இரண்டாவது கேள்வியைக் கேட்டதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். நாற்பது ஆண்டுகளில் இதை வாய்விட்டுக் கேட்டவர்கள் குறைவு.

நேரக் கணக்கைப் பார்ப்போம். ஆக்சிஜனை முழுமையாக நிரப்பிக்கொண்ட, நோயற்ற 70 கிலோ எடையுள்ளவருக்கு, மூச்சு நின்றபின் சேச்சுரேஷன் 90-க்கு இறங்க ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகும் என்று மயக்கவியலர் பெனுமோஃப் 1997-இல் கணக்கிட்டுக் காட்டினார். மிகப் பருத்தவருக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. தசைத் தளர்வு மருந்தான சக்சினைல்கோலின் தானாகத் தெளிந்து மூச்சு திரும்பிவிடும் என்று நம்பிக் காத்திருப்பது அதனால்தான் பலருக்குப் பலிக்காது. 90-லிருந்து 60 வரையிலான இறக்கமோ மலைச்சரிவு. விரலில் மாட்டிய கருவி காட்டும் எண், இரத்தத்தின் உண்மை நிலைக்குப் பின்தங்கியே வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் 60 என்று பார்த்தபோது மூளை அதைவிட மோசமான நிலையில் இருந்திருக்கும்.

நம் நாட்டின் அகில இந்திய டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷன் 2016-இல் வெளியிட்ட நெறிமுறை எண்ணிக்கையைக் கட்டுகிறது: லாரிஞ்சோஸ்கோப்பி அதிகபட்சம் மூன்று முறை, அதுவும் சேச்சுரேஷன் 95-க்குக் குறையாதவரை, குரல்வளைக்கு மேல் அமரும் கருவி இரண்டு முறை, தசைத் தளர்வை உறுதிசெய்து கடைசியாக ஒரு முறை மாஸ்க், அதுவும் தோற்றால் ‘முழுமையான காற்றோட்டத் தோல்வி’ என்று அறிவித்துக் கழுத்துக்குப் போக வேண்டும். மூக்கு வழியே ஆக்சிஜன் தொடக்கம் முதல் இறுதிவரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. அந்த நெறிமுறை குழல் முறையையும் கத்தி முறையையும் இரண்டையுமே ஏற்கிறது என்பதை நான்குவழிச்சாலை நண்பருக்கு நினைவூட்டுகிறேன். நாம் பழகிய முறை எதுவோ அதுவே நல்ல முறை என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. மடியாத, இதற்கென்றே செய்த குழலையும் ஜெட் கருவியையும் அன்றாடம் கையாளும் இடங்களில் குழல் வெல்வதை நான் பார்த்திருக்கிறேன். வென்ஃப்ளானை அந்த வரிசையில் சேர்க்க முடியாது.

இந்த எண்களில் மிகவும் பயனுள்ளது ‘அறிவித்து’ என்ற சொல். தோற்றுவிட்டோம் என்பதை உரக்கச் சொல்லாதவரை அறையிலுள்ள ஒவ்வொருவரும் இன்னொரு முயற்சிக்குத்தான் உதவிக்கொண்டிருப்பார்கள். 2005-இல் இங்கிலாந்தில் எலேன் பிராமிலி என்ற பெண்மணி, மூக்கடைப்புக்கான சாதாரண அறுவைக்கு வந்த இடத்தில் இப்படித்தான் இழக்கப்பட்டார். அனுபவம் மிக்க மருத்துவர்கள் மூவர் அங்கே இருந்தார்கள். இருபது நிமிடங்களுக்கு மேல் குழாய் செலுத்தவே முயன்றுகொண்டிருந்தார்கள். செவிலியர் ஒருவர் டிரக்கியாஸ்டமி தட்டைக் கொண்டுவந்து சொன்னார். மற்றொருவர் தீவிர சிகிச்சைப் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். இரண்டுமே மருத்துவர்களின் காதில் ஏறவில்லை. அவருடைய கணவர் மார்ட்டின் பிராமிலி ஒரு விமானி; மனிதத் தவறுகளை ஆராயும் பழக்கத்தை விமானத் துறையிலிருந்து மருத்துவத்துக்குக் கொண்டுவர அவர் அதன்பின் ஓர் அமைப்பையே தொடங்கினார்.

உங்கள் கை ஏன் நகரவில்லை என்றால், தம்பி, வாய் சொல்லாததைக் கை செய்யாது. நம் பயிற்சி முழுவதும் குழாயைச் செலுத்துவதற்கான பயிற்சி. கத்தியை எடுப்பதைத் தோல்வியின் ஒப்புதலாகவே நாம் கற்றிருக்கிறோம்.

தியேட்டர் சிஸ்டர்

மருத்துவர்களுக்கு நடுவில் நான் எழுதலாமா என்று தெரியவில்லை. தியேட்டரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பேராசிரியர் ஐயா சொன்ன அந்த இரண்டு செவிலியர்களைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் நாங்கள் பேசாமல் இருப்பதில்லை. ‘சார், டிரக்கியாஸ்டமி செட் எடுக்கட்டுமா?’ என்று கேட்கிறோம். அது கேள்வியாக இருப்பதால், மும்முரத்தில் இருக்கும் டாக்டருக்கு விடை சொல்ல நேரம் இருப்பதில்லை. அல்லது ‘இருங்க சிஸ்டர்’ என்று வரும். ‘இருங்க’ என்றால் நாங்கள் இருந்துவிடுகிறோம். ஒரு முறை அப்படி இருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அதை இங்கே விரிக்க விரும்பவில்லை.

இப்போது நான் கேட்பதில்லை. ‘மூன்று முறை ஆகிவிட்டது. சேச்சுரேஷன் 82. பிளேடு, பூஜி, ஆறாம் நம்பர் டியூப் உங்கள் வலப்பக்கம் இருக்கிறது’ என்று செய்தியாகச் சொல்லிவிடுகிறேன். திட்டு விழுந்தாலும் பொருட்படுத்துவதில்லை. உங்கள் தியேட்டரில் முயற்சியை எண்ணுவதற்கென்று ஒருவரை மயக்கம் கொடுப்பதற்கு முன்பே பெயர் சொல்லி நியமித்துவிட்டால், அவருக்குப் பேசும் உரிமையும் கிடைத்துவிடும்.

இன்னொரு செய்தி. எங்கள் பக்கம் டிரக்கியாஸ்டமி செட் என்பது துணியில் கட்டி, டேப் ஒட்டி, கிருமிநீக்கப் பிரிவான சி.எஸ்.எஸ்.டி.யிலிருந்து வரும் பெரிய மூட்டை. அதைப் பிரித்து, கொக்கியையும் டைலேட்டரையும் ஒதுக்கி, பிளேடைப் பூட்டுவதற்குள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் 10-க்குப் பதிலாகப் பிளேடு 11-ஆம் எண்தான் இருக்கும். பூஜி வேறு அலமாரியில், பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும்.

ஆற்றங்கரை மயக்கவியலர்

சிஸ்டர், அன்று எங்கள் பூஜியும் பூட்டிய அலமாரியில்தான் இருந்தது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மலையடிவார டியூட்டி டாக்டர்

நான் எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவன், மலையடிவாரத்து ஊரில் இரவுப் பணி. எங்களுக்கு வருபவர்கள் வேறு: கதண்டு கொட்டி நாக்கும் தொண்டையும் வீங்கி வருபவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள், பாம்பு கடித்துக் கண்ணிமை விழுந்து மூச்சு தளர்ந்தவர்கள். பாக்கும் புகையிலையும் மென்று வாயே திறக்காதவர்களும் உண்டு. எனக்கு மூன்று ஐயங்கள். கழுத்து பருத்து, எந்த எலும்பும் விரலுக்குத் தட்டுப்படாதவருக்கு என்ன செய்வது? குழந்தைக்கு என்ன செய்வது? உறவினர் கையெழுத்து இல்லாமல் கழுத்தை அறுத்துவிட்டால் நாளை என் நிலை என்ன?

நான்குவழிச்சாலை எமர்ஜென்சி

விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் குறுக்கே குத்தாதீர்கள். நடுக்கோட்டில் நெட்டுவாக்கில் 8 முதல் 10 செ.மீ. வரை, கீழிருந்து மேலாகத் தோலைத் திறந்து, இரு கை விரல்களாலும் கொழுப்பை விலக்கிக் குரல்வளையைத் தொட்டுக் கண்டுபிடித்து இடக்கையால் நிலைநிறுத்திய பின், மேலே சொன்ன அதே குத்து. இரத்தம் நிறைய வரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரலை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள். குழாய் உள்ளே போய் ஆக்சிஜன் ஏறிய பிறகு அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கசிவு நின்றுவிடும். பருத்த பெண்களின் கழுத்தில் தேர்ந்தவர்களே சவ்வின் இடத்தைத் தொட்டுச் சொல்வதில் பெரும்பாலும் தவறுகிறார்கள் என்பதால், அல்ட்ராசவுண்ட் இருந்து நேரமும் இருந்தால், மயக்கத்துக்கு முன்பே பார்த்துப் பேனாவால் குறித்துவிடுங்கள்.

குழந்தைக்கு இந்த முறை பொருந்தாது. சவ்வு மிகச் சிறியது. வளையக் குருத்தெலும்பு எளிதில் நசுங்கும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே கத்தி கிரைகோதைராய்டாட்டமி வேண்டாம் என்று விபத்துக் காயச் சிகிச்சைக்கான ஏ.டி.எல்.எஸ். பயிற்சியில் சொல்கிறார்கள்; சில நெறிமுறைகள் எட்டு வயதைக் கோடாக வைக்கின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவர் அருகில் இருந்தால் டிரக்கியாஸ்டமி, இல்லையென்றால் ஊசிக்குழல். குழந்தைகளிடம் பெரும்பாலும் மாஸ்க்கை இருவராகச் சரியாகப் பிடித்தாலே காற்று போய்விடும் என்பது ஆறுதல்.

உங்கள் பாம்புக்கடி நோயாளிகளுக்குக் கழுத்தில் வேலை வருவது அரிது. அவர்களுக்குத் தசைதான் தளர்கிறது, பாதை அடைபடுவதில்லை. கதண்டுக் கொட்டுக்கு முதலில் தொடையில் அட்ரினலின் 0.5 மி.கி.; கத்தி அதற்குப் பிறகு.

ஹைகிரவுண்டு பழைய மாணவன்

சட்டம் பற்றி மட்டும். நோயாளி சம்மதம் தர முடியாத நிலையில், சம்மதம் தரக்கூடியவரை அணுக நேரமும் இல்லாதபோது, அவர் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்த செயல் குற்றமாகாது. பழைய தண்டனைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-ஆம் பிரிவு. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடுக்கச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்றது. மணி, முயற்சிகளின் எண்ணிக்கை, சேச்சுரேஷன் ஆகியவற்றை அன்றே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். உறவினரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். வார்டு பாயை அனுப்பாதீர்கள்.

பொருநை காது மூக்கு தொண்டை

கத்தியைப் பற்றிய என் தயக்கத்தை ஓரளவு திருத்திக்கொள்கிறேன். சேச்சுரேஷன் 60-இல் நிற்பவரிடம் டிரக்கியாஸ்டமியை நிதானமாகச் செய்ய எனக்கே முடியாது. என் துறையில் பதினைந்து ஆண்டு இருந்தவனுக்கே முடியாததை மயக்கவியலரிடம் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. கிரைகோதைராய்டாட்டமியில் உயிர் தங்கியவரை எங்களிடம் அனுப்புங்கள். அதை எப்போது டிரக்கியாஸ்டமியாக மாற்றுவது, மாற்ற வேண்டுமா என்பதை உள்ளே ஸ்கோப் விட்டுப் பார்த்து நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். மூன்று நாளுக்குள் மாற்றியே ஆக வேண்டும் என்ற பழைய கட்டளை இப்போது அவ்வளவு உறுதியானதாகக் கருதப்படுவதில்லை.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். மேலப்பாளையத்தில் ஆட்டுக்கறிக் கடைக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால், குரல்வளையோடு சேர்த்து மூச்சுக்குழலை அப்படியே எடுத்துத் தருவார். கைநீளத் துண்டாகக் கேளுங்கள். குரல்வளை ஒட்டாமல் வெறும் குழலாக வாங்கினால் பயனில்லை. அதைப் பலகையில் ஆணியடித்து, மேலே கோழித்தோலை விரித்துக் கட்டிவிட்டால் மனிதக் கழுத்துக்கு வெகு அருகில் வரும். பருத்த கழுத்து வேண்டுமென்றால் நடுவில் ஒரு அங்குலப் பஞ்சு மெத்தைத் துண்டு. ஒரு குரல்வளையில் ஒருவர் ஒரு முறைதான் குத்த முடியும் என்பதால் பத்துப் பேருக்குப் பத்து வேண்டும். கடைக்கார அண்ணாச்சி முதல் முறை என்னைக் கொஞ்சம் ஐயத்தோடுதான் பார்த்தார்.

ஆற்றங்கரை மயக்கவியலர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடி ஆட்டுக் குரல்வளைகள் வாங்கி, கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மருத்துவமனையில் எட்டுப் பேர் பழகினோம். சர்ஜனும், இரண்டு செவிலியரும், தியேட்டர் உதவியாளரும் அதில் அடக்கம். என் முதல் முயற்சியில் பூஜி குழலுக்கு வெளியே, தோலடியில் போனது. சவ்வைத் துளைத்ததும் கத்தியைச் சுழற்றாமல் வெளியே எடுத்துவிட்டேன், துளை மூடிக்கொண்டது. இரண்டாவது குரல்வளையில் சரியாக அமைந்தது. குழாயின் அளவைப் பற்றியும் ஒன்று கண்டோம்: எங்களிடமுள்ள பூஜி 5 மி.மீ. குழாய்க்குள் நுழையவே இல்லை. 6-இல் ஜெல்லி தடவினால் இறங்குகிறது.

மூன்று பொருள்களையும் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் பையில் போட்டு, மயக்க மருந்து இயந்திரத்தின் பக்கவாட்டில், என் வலக்கை எட்டும் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். பூட்டு இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் இரவுப் பணி செவிலியர் பையைத் தொட்டுப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். பூஜி ஒன்றுதான் இருக்கிறது என்பதால் சாதாரண இன்டியூபேஷனுக்கு அதை எடுத்துவிட்டு யாரும் திருப்பி வைப்பதில்லை. போன வியாழக்கிழமை பையில் பிளேடும் குழாயும் மட்டுமே இருந்தன. இரண்டாவது பூஜிக்கு இன்டென்ட் போட்டிருக்கிறேன். சிஸ்டர், உங்கள் இடத்தில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தியேட்டர் சிஸ்டர்

பையின் வாயை ஒரு சிவப்பு டேப்பால் ஒட்டி, அதன்மேல் தேதி எழுதிவிடுங்கள் சார். டேப் கிழிந்திருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். யார் கிழித்தார் என்று மதியத்துக்குள் நாங்களே கண்டுபிடித்துவிடுவோம்.